நாகலிங்கரின் மடியில் முட்டை

முன்னொரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் சொன்னதை மதியம் மறப்பார்; மதியம் ஆசைப்பட்டதை மாலைக்குள் கேட்பார். பட்டத்து யானையைவிட ஒரு கறுப்புக் கோழிமேல் அவருக்குப் பிரியம் அதிகம். அந்தக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தபோது பாம்பு தீண்டிச் செத்துப்போயிற்று. ஐந்து முட்டைகள் அநாதையாகக் கிடந்தன.

ராஜா சபையில் அழுதேவிட்டார். "இந்த முட்டைகள் பொரித்தாக வேண்டும். ஆனால் வேறொரு கோழியின் சிறகு இவற்றின்மேல் படக்கூடாது!"

சபை திருதிருவென்று விழித்தது. களஞ்சிய அதிகாரி நாகலிங்கருக்கு மட்டும் உள்ளூரக் குதூகலம். அமைச்சர் திருமேனியார்மேல் அவருக்கு நெடுநாள் காய்ச்சல். தான் எதைச் சொன்னாலும், ராஜா அமைச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார் என்பதே அதற்குக் காரணம்.

"மகாராஜா, அமைச்சர் மூளைக்கு இது எம்மாத்திரம்? அவரே பொரிக்க வைக்கட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுவிட்டு, இந்தச் சபையிலேயே முட்டைமேல் உட்காரட்டும்!"

ராஜா கண்ணீரோடு சிரித்தார். "பலே! அப்படியே ஆகட்டும்."

"உத்தரவு மகாராஜா" என்றார் திருமேனியார்.

அமைச்சர் தன் வீட்டுப் பின்கட்டில் மொடா எனும் பெரிய மண்பானை ஒன்றை நிறுத்தி, சூடு வெளியேறாமலிருக்கச் சுற்றிலும் உமியைக் குவித்தார். அடியில் சிறு அகல்விளக்கு. நெருப்பு மேலே தாவாமலிருக்க அதன்மேல் மண்தட்டு. தட்டின்மேல் மணலும் வைக்கோலும். ஓடு காய்ந்துவிடக்கூடாதென்று ஒரு கிண்ணம் தண்ணீர். முதலில் சந்தை முட்டைகளை வைத்துப் பார்த்தார். அவை வெந்தேபோயின!

"அவித்த முட்டை வேண்டுவோர் அமைச்சர் வீட்டுக்குப் போகலாம்" என்றார் நாகலிங்கர். சபையே சிரித்தது. அமைச்சர் தலைகுனிந்து வீட்டுக்குப் போய்த் திரியைக் குறைத்தார். அதுவரை வெதுவெதுப்பான மணலில் காத்திருந்த ராஜாவின் முட்டைகளை எடுத்து உள்ளே வைத்தார். அன்றிலிருந்து அவற்றைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பதும், வேளை தவறாமல் புரட்டிவைப்பதுமே அவர் வேலையாயிற்று. ஒருநாள் ராஜாவை அழைத்து, ஒரு முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடின. ராஜா குதித்தார். கூட வந்திருந்த நாகலிங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொரிக்கும் நாள் நெருங்கியது. அன்று காலை அமைச்சர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நாகலிங்கர் பின்கட்டில் நுழைந்தார். கையில் ஐந்து அவித்த முட்டைகள். அவற்றை மொடாவில் வைத்துவிட்டு நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாக மடியில் கட்டத் தொடங்கினார். குளத்தில் வீசிவிட்டால் காரியம் முடிந்தது.

கடைசி முட்டையைக் கையில் எடுத்தபோது, உள்ளிருந்து 'டொக்' என்று ஒரு தட்டல்.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. 'சீ, நான் செய்கிற காரியமா இது?' என்று மனம் கேட்டது. திருப்பி வைத்துவிடலாமென்று நினைப்பதற்குள் வாசலில் காலடி கேட்டது. அதையும் மடியில் செருகிக்கொண்டு அவசரமாக வெளியே வந்தவர் அமைச்சர்மேலேயே முட்டப்பார்த்தார்.

திருமேனியாரின் பார்வை அந்தப் புடைத்த மடிமேல் ஒரு கணம் நின்றது. "பார்த்து நடங்க நாகலிங்கரே. குனிந்துவிடாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

நாகலிங்கர் தெருமுனையைத் தாண்டவில்லை; சேவகன் வந்து நின்றான். "ராஜா உடனே சபைக்கு வரச் சொன்னார்!"

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். நாகலிங்கருக்குச் சபையிலும் பயம். சாய்ந்தால் உடையும், எழுந்தால் தெரியும். அமைச்சரோ ஏரிக்கரை, நெல்விளைச்சல், எல்லைத் தகராறு என்று பேச்சை இழுத்துக்கொண்டேபோனார். நாகலிங்கர் வேர்த்து வழிய, சிலைபோல உட்கார்ந்திருந்தார். உச்சிப்பொழுது ஆயிற்று. மடிக்குள் ஏதோ பிராண்டியது.

"கீச்!"

ராஜா நிமிர்ந்தார். "என்ன அது?"

"கீச், கீச்!"

சபை முழுக்க நாகலிங்கரின் வயிற்றையே பார்த்தது. திருமேனியார் எழுந்தார். "மகாராஜா, குஞ்சுகள் பொரித்துவிட்டன! கடைசி நேரத்தில் என் மொடாவால் ஆகாததை நாகலிங்கர் தம் உடம்புச் சூட்டால் செய்துமுடித்தார். மெச்சவேண்டும்."

"அடடா!" ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். நாகலிங்கர் மடியை அவிழ்த்தார். ஈரக் குஞ்சுகள் தள்ளாடின. மாலை கழுத்துக்கு வந்தபோது அவர் ஓரடி பின்வாங்கினார். அமைச்சர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி துளியும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"வேண்டாம் மகாராஜா! நான் திருடன். அவித்த முட்டையை மாற்றி வைத்தேன். இவற்றைக் குளத்தில் வீச எடுத்துப்போனேன். அது தெரிந்தும் அமைச்சர் என் மானத்தைக் காக்கிறார்."

ராஜாவின் முகம் சிவந்தது. மாலை திருமேனியாரின் கழுத்துக்குப் போயிற்று. "இவனை நாடு கடத்துங்கள்!"

நாகலிங்கர் கைகட்டி நின்றார். நாடுகடத்தும் ஓலையை எழுதி முடிப்பதற்குள் குஞ்சுகள் உலர்ந்து பஞ்சாயின. அவர் வாசலை நோக்கி நடந்தார். ஐந்தும் கீச்சிட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடின.

"மகாராஜா," என்றார் திருமேனியார் மெதுவாக, "இவை அவரைத்தான் தாயென்று நினைக்கின்றன. இன்னொரு முறை அநாதையாக்க வேண்டுமா?"

ராஜா குஞ்சுகளைப் பார்த்தார், நாகலிங்கரைப் பார்த்தார். வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டது. "போ! அதிகாரம் கிடையாது. இவற்றை வளர்த்துக்கொண்டு ஊரிலேயே கிட."

நாகலிங்கர் கடைத்தெரு வழியே வீட்டுக்கு நடந்தார். பின்னால் ஐந்து குஞ்சுகள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ "கெக்கெக்கே" என்றார்கள். அவர் நிமிரவில்லை. சாக்கடை ஓரத்தில் ஒரு குஞ்சு தாண்டமுடியாமல் நின்று கத்தியது. அத்தனை பேர் பார்க்க, நாகலிங்கர் திரும்பிவந்து, மண்ணில் முட்டியிட்டுக் கையை நீட்டினார்.