அண்ணாச்சி கேட்ட ஃபோர்கே

பேரூராட்சித் தலைவர் வடமலை அண்ணாச்சிக்குப் பந்தலோ பேனரோ, ஊரிலேயே பெரிசாக இருந்தால்தான் தூக்கம் வரும். தன் பிறந்தநாள் ஊர்வல வீடியோவும் ஹெச்டியைவிடப் பெரிய ஃபோர்கேயில் (4K) வேண்டும், ஆனால் முழுசும் வாட்ஸ்அப்பில் போகிற அளவுக்குச் சுருங்க வேண்டும் என்றார்.

“அவ்வளவு சுருக்கும்போது ஃபோர்கே வச்சா முகம் கலங்கிரும் அண்ணாச்சி. ஹெச்டிக்கு இறங்கினா தெளிவா இருக்கும்,” என்றாள் எடிட்டர் இசக்கியம்மா.

“நான் எதுக்கு இறங்கணும்? சொன்னதைச் செய்யி.”

செய்தாள். மறுநாள் ஆதரவாளர்கள் கூட்டத்தில் அந்த வீடியோவை அவளையே டிவியில் போட்டுக் காட்டச் சொன்னார் அண்ணாச்சி. மாலைகளுக்கு நடுவே ஒரு முகம் கட்டம் கட்டமாகக் கரைந்து நின்றது.

“எவம்ல இந்தக் கோரமூஞ்சிப் பய? என் ஜீப்புல ஏறி நிக்கான்?” என்று சீறினார் அண்ணாச்சி.

கூட்டம் தரையைப் பார்த்தது.

“நீங்கதான் அண்ணாச்சி,” என்றாள் இசக்கியம்மா. “ஃபோர்கேல.”