தட்டின் இடது பாதி

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகையால் அவசரப்படாமல் கேளுங்கள்.

ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வஹிதா வேலை பார்த்தாள். நோயாளிகள் டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும் அவள் டாக்டர் இல்லை; தொழில்வழிச் சிகிச்சை கொடுப்பவள். நோயிலிருந்து பிழைத்தெழுந்தவர்களுக்குச் சட்டை போடவும், குளிக்கவும், டீ போடவும், தெருவில் நடக்கவும் மறுபடி பழக்கிவிடுவது அவள் பொறுப்பு.

அவளிடம் சவரிமுத்து வந்து சேர்ந்தார். ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் கேட் கீப்பராக இருந்தவர். பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. ஒன்று மட்டும் திரும்பவில்லை. கண் நன்றாக இருந்தும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மனம் மறந்துவிட்டது. முகத்தின் வலது பாதியை மட்டும் மழித்துக்கொள்வார். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போவார். டாக்டர் எடுத்துச் சொன்னபோது, "எனக்கா? நான் ரெண்டு பக்கமும் பாத்துக் கொடி காட்டினவன் சார்" என்று சிரித்தார். அந்த நோயின் கொடுமையே அதுதான். இல்லாமல் போனதைத் தேடவும் தோன்றாது.

நான்காவது வாரம் தட்டு காலியாக வந்தது. தொடர்ந்து ஆறு நாள் அப்படியே. வஹிதா 'நல்ல முன்னேற்றம்' என்று ஃபைலில் எழுதினாள். இடது பக்கம் தலையைத் திருப்பும் பயிற்சியை நிறுத்திவிட்டுப் படி ஏறப் பழக்கினாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் மதியம் வார்டு வாசலில் நின்றவள் அதைப் பார்த்தாள். அவர் மனைவி லூர்தம்மாள், "இன்னுங்கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று குனிந்தாள். ஊற்றும்போதே மற்றக் கையின் இரண்டு விரலால் தட்டை அரைவட்டம் திருப்பிவிட்டாள். சவரிமுத்து மீதிச் சோற்றைப் புதிதாகப் போட்ட சோறுபோலத் தின்றார்.

வஹிதா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"பாத்துட்டீங்களா தாயி?" என்றாள் லூர்தம்மாள். "அவருக்குத் தெரிய வேணாம். குணமாயிட்டோம்னு நெனச்சுத்தான் மனுஷன் எந்திரிச்சு உக்காந்திருக்காரு."

"தெரிஞ்சாத்தாம்மா பழக முடியும். எத்தனை நாளைக்கு நீங்க திருப்புவீங்க?"

"நாப்பது வருஷமா அவரையே திருப்பிக்கிட்டு இருக்கேன். தட்டு என்ன பெரிய கனமா?"

வஹிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு, சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். ஃபைலைத் திருத்தவில்லை.

எட்டு மாதம் ஓடியது. வீட்டில் தட்டு திரும்பிக்கொண்டே இருந்தது. வெளியே போனால் லூர்தம்மாள் அவருக்கு இடப்பக்கமாகவே நடந்தாள். பிறகு ஒருநாள் விடியும் நேரத்தில் மாரடைப்பு வந்து அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் மகள் செல்வராணி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவள்.

"மேடம், பாதிச் சோத்தை அப்படியே வச்சுட்டு, 'உங்கம்மா வயிறு நெறையப் போடுவா, நீ ஏன் அளந்து போடுற'ன்னு சண்டைக்கு வர்றாரு. சாயங்காலமானா அம்மா கல்லறையில மெழுகுவத்தி ஏத்தணும்னு தனியா கெளம்புறாரு. கல்லறைத் தோட்டம் பைபாஸுக்கு அந்தப் பக்கம். நேத்து ஒரு லாரி உரசிட்டுப் போச்சு. ஹார்ன் அடிக்காம வர்றான் பாருன்னு லாரிக்காரனைத் திட்டுறாரு!"

வஹிதா நடந்ததையெல்லாம் சொன்னாள். செல்வராணி அழுதாள். அழுது முடித்து, "அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க மேடம். அம்மா போனதையே அவரால தாங்க முடியல. பேத்திக்குத் துணை வேணும்னு ஏதாச்சும் சொல்லித் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். அங்க நான் திருப்பிக்கிறேன்" என்றாள்.

"வருவாரா?"

"கல்லறையை விட்டுட்டு வரமாட்டேங்கிறாரு. நான் திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்."

சனிக்கிழமை மதியம் வஹிதா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டு எழப்போகும்போது, "ஐயா, இங்க பாருங்க" என்று தட்டைத் திருப்பினாள்.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"இங்கதான் இருந்துச்சு ஐயா. அம்மாதான் தினமும் திருப்பி வச்சாங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசமாவா?"

"ஆமா."

"உங்களுக்கும் தெரியும்?"

"தெரியும்."

"கூடவே இருந்தா" என்றார். "ஒருநாள்கூட என்னை நம்பலை."

திங்கட்கிழமை செல்வராணி ஊருக்குப் போனாள். சவரிமுத்து பயிற்சிக்கு வந்தார். சொன்னதைச் செய்தார். மோவாய் இடது தோளைத் தொடும்வரை தலையைத் திருப்பப் பழகினார். இரண்டு மாதத்தில் தனியாக ரோட்டைத் தாண்டக் கற்றுக்கொண்டார். கடைக்குப் போனார், தபால் ஆபீஸுக்குப் போனார். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் போகவில்லை.

இப்போது சொல்லுங்கள். மனைவி மறைத்தாள். மகள், மறைத்தபடியே காப்பாற்றப் பார்த்தாள். வஹிதா, செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிச் சொன்னாள். மூவருமே அவர் நன்மையைத்தான் நினைத்தார்கள். இவர்களில் யார் பக்கம் நியாயம்?

விடை: சொன்னதுதான் நியாயம். ஒருவருடைய உடம்பின் உண்மை அவருக்குச் சேர வேண்டியது. அதை மறைக்க மற்றவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய முடியாது. லூர்தம்மாளின் பிரியத்தில் குறையில்லை; ஆனால் அது அவள் ஆயுள் மட்டும் செல்லக்கூடியது. மகள் கேட்டது அதேபோல இன்னொரு தவணைதான்; அவள் கூட இருக்கும்வரைதான் ஓடும். வஹிதா வாக்கை மீறியது பிழையில்லை, வராந்தாவில் அதைக் கொடுத்ததுதான் பிழை. எட்டு மாதத்துக்கு முன்பே, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவருக்குக் கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் அவரைச் சமாதானம் செய்யவும் அவளே இருந்திருப்பாள்.