சோம்பு மணந்த சபை

வெண்கரைப் பாளையத்தை ஆண்ட பொன்னம்பலச் சேதுராயருக்குச் சாப்பிட்டது செரிக்காது. உழைக்காத வயிறு அப்படித்தான் இருக்கும். மருந்தென்று சோம்பு மென்றார். அரசர் மென்றால் சபை சும்மா இருக்குமா? பிரதானிகள், அதிகாரிகள் எல்லோரும் விடிந்தது முதல் மென்றார்கள். சோம்பு நிறைந்த வெள்ளிப்பெட்டி ஒன்று வரிசையாகக் கைமாறி வரும். கடைசி இடத்தில் உட்கார்ந்து ஓலை படிக்கும் இடும்பனுக்கு முன்னால் வந்ததும் திரும்பிவிடும். அவன் பிறப்பு அதற்குப் போதாதாம்.

பெரிய மனிதர் வாயில் ஏறிய பண்டம் சின்ன மனிதர் குழம்பில் கிடக்கலாமா? சட்டம் வந்தது. "சோம்பு இனி அரண்மனைப் பொருள். வேறு எந்த அடுப்பில் அது மணந்தாலும் சட்டியை உடைத்து, சமைத்த கையில் சூடு போடவேண்டும்." மோந்து பிடிக்கும் வேலை மடைப்பள்ளி அதிகாரி உக்கிரமூர்த்திக்கு. ஆயுளில் ஒரு தடவைகூட அடுப்பு ஊதாத மனிதர் அவர்.

ஏரி வெட்டுகிறவர்களுக்குக் கரையோரம் சோறாக்கிப் போட்டவள் சிலம்பாயி. அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க உக்கிரமூர்த்திக்கு ஆசை. அவள் நகரவில்லை. மறுநாளே அவள் கையைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்.

"இவள் பருப்புக் குழம்பில் சோம்பு, மகாராஜா. இந்த மூக்கால் மோந்தேன்."

"அதைக் கண்ணால் பார்த்தே மூணு வருசம் ஆச்சு, சாமி" என்றாள் சிலம்பாயி. "சோம்பை வெறும் சட்டியில வறுத்து, தேங்காயோட அரைச்சு, குழம்பை இறக்கும்போது ஊத்தணும். எனக்குத் தேங்காய்க்கே வழியில்லை."

"பக்குவம் இவ்வளவு தெரிகிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?" என்றார் உக்கிரமூர்த்தி.

சபை தலையாட்டியது. மெல்லும்போது தலை ஆடத்தானே செய்யும்.

சூட்டுக்கோல் நெருப்பில் பழுத்துக் கிடந்தது. இடும்பன் எழுந்தான்.

"மகாராஜா, இந்தக் கை வெந்தால் நாளைக்கு முந்நூறு பேருக்குச் சோறில்லை. ஏரி வேலை நின்றுபோகும். அதற்கு முன் அதிகாரியின் மூக்கைச் சபை ஒரு தடவை பார்த்துவிடட்டும். மூன்று சட்டி கொண்டு வருகிறேன். எதில் சோம்பு என்று சொல்லட்டும்."

"சரியாகச் சொல்லிவிட்டால்?" என்றார் அரசர்.

"அவள் சூட்டை என் கையில் போடுங்கள்."

மூன்று சட்டிகள் வந்தன. வாயைத் துணி மூடியிருந்தது. ஆவி பறந்தது. உக்கிரமூர்த்தி ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்தார்.

"மூன்றிலும் சோம்பு. நடுச்சட்டியில் கொஞ்சம் தூக்கல்."

"பிரதானிகளும் பார்க்கலாமே" என்றான் இடும்பன்.

அவர்களும் குனிந்தார்கள். "ஆமாம், மூன்றிலும்தான்" என்றார்கள். அதிகாரி சொன்ன பிறகு வேறென்ன சொல்வார்கள்? கடைசியில் அரசரே இறங்கி வந்து மோந்தார்.

"சந்தேகமே இல்லை இடும்பா. கையை நீட்டு."

"நீட்டுகிறேன். முதலில் துணியை எடுக்கச் சொல்லுங்கள்."

எடுத்தார்கள். முதல் சட்டியில் வெறும் வெந்நீர். கடைசிச் சட்டியில் துணி வெளுக்கக் காய்ச்சிய உவர்மண் தண்ணீர். தூக்கலாக மணந்த நடுச்சட்டியில் அரண்மனைக் குதிரைக்கு வேகவைத்த கொள்ளு.

"அப்படியானால் மணம் எங்கிருந்து வந்தது?" என்றார் அரசர்.

"குனிந்தவர் வாயிலிருந்து, மகாராஜா. காலை முதல் சோம்பு மெல்லுகிறவருக்கு உலகமெல்லாம் சோம்புதான். ஏரிக்கரையில் அதிகாரி தன் வாயை மோந்துவிட்டு வந்திருக்கிறார்."

உக்கிரமூர்த்தியின் தாடை நின்றது. அரசர் விட்டுக்கொடுக்கவில்லை.

"இவளை விடலாம். சட்டம் போட்டது போட்டதுதான்."

"இருக்கட்டும் மகாராஜா. சட்டத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோக்கப் போகிறவர் ஒரு மாதம் சோம்பைத் தொடக்கூடாது. யார் போகிறீர்கள்?"

பிரதானிகள் தரையைப் பார்த்தார்கள். அரசர் வெள்ளிப்பெட்டியைப் பார்த்தார். ஒரு பெண்ணின் கைக்காக வாய் திறக்காத அந்தச் சபை, தன் வாய்க்குள் கிடந்த சோம்புக்காகச் சட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டது. நியாயம் பிறந்த அழகு அவ்வளவுதான்.

சிலம்பாயியின் கட்டை அவிழ்த்தார்கள். "உலை வைக்க நேரமாச்சு" என்று சொல்லி, யாரையும் கும்பிடாமல் நடந்தாள்.

அரசர் குலுங்கிச் சிரித்தார். தன் முட்டாள்தனத்தை வேடிக்கையாக்கிக் கொள்வது ஆள்கிறவர்களுக்குக் கைவந்த கலை.

"இடும்பா, உனக்குப் பரிசு. இன்று முதல் பெட்டி உன்னிடமும் வரும்."

"வேண்டாம் மகாராஜா" என்றான் இடும்பன். "இந்தச் சபையில் ஒரு மூக்காவது மிஞ்சட்டும்."