காற்று தொண்ணூறு

“மேடம், ஒரே நிரல்தான். என் மடிக்கணினியில உண்மை சொல்லுது. துறைமுகத்துக் கணினியில பொய் சொல்லுது. ஏன்?”

ரெமிஜியா இரண்டு திரைகளையும் மாறி மாறிக் காட்டினாள்.

சோதனைக்காகக் காற்றின் வேகம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தாள். மடிக்கணினி, ‘கடலுக்குப் போகாதீர்’ என்றது. துறைமுகத்துக் கணினி, ‘போகலாம்’ என்றது.

இன்று மாலை முதல் துறைமுகத்துக் கணினியின் செய்திதான் கரையோரத்துப் படகுக்காரர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் போகும்.

அவள் அப்பாவின் கைபேசிக்கும்.

அவளுக்கு வேலை பழக்கும் மெஹருன்னிசா மேடம் தேநீரைக் கீழே வைக்கவில்லை.

“நிரலோட முதல் வரியில யாரைக் கூப்பிட்டிருக்க?”

“ஷெல்லை, மேடம். கட்டளையை வாசிச்சு நடத்துறது அதுதானே.”

“உன் மடிக்கணினியில அந்தப் பேரைக் கூப்பிட்டா யாரு வர்றது?”

“பாஷ்ங்கிற ஷெல்.”

“துறைமுகத்துல?”

ரெமிஜியா அதைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள்.

“டாஷ். அதுவும் ஷெல்தான், ஆனா வேற ஆளு, மேடம்.”

“அப்ப அந்தச் சோதனையை போசிக்ஸ் முறைக்கு மாத்து. எக்சிட் கோடைப் பிடி. புரியுதா?”

“புரியுது, மேடம்.”

“செய்.”

விசைப்பலகையில் கை வைத்தாள். விரல் நகரவில்லை.

அவள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். புரியாததைக் கேட்டால், இது கூடத் தெரியாமலா வந்தாய் என்பார்களோ?

மேடம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“பட்டம் குடுத்தப்ப, தலையாட்டுறதுக்கும் ஒரு பேப்பர் வெச்சாங்களோ?”

மேடம் துறைமுகத்துத் திரையைத் தொட்டுக் காட்டினார். ‘போகலாம்’ என்ற வரிக்கு மேலே, யாரும் கவனிக்காத இன்னொரு வரி.

“வாசி.”

“காத்தைச் சோதிக்க நான் போட்ட இரட்டை அடைப்புக்குறி… அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது. பாஷுக்கு அது தெரியும். இதுக்குத் தெரியல.”

“தெரியலைன்னதும் நின்னுச்சா?”

“நிக்கல, மேடம். காத்து அதிகமான்னு கேட்டிருந்தேன். அதுக்குக் கேள்வியே புரியல. இல்லைன்னு எடுத்துக்கிட்டு…”

“எடுத்துக்கிட்டு?”

“அடுத்த வரிக்குப் போயிருச்சு. ‘போகலாம்’னு.”

சொன்ன பிறகுதான், ‘புரியுது’ என்று தான் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, இப்ப நான் சொன்னதைச் செய்.”

மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதிகம் இல்லை.

ரெமிஜியா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“போசிக்ஸ்னா என்ன, மேடம்?”