சுண்ணாம்புக் கை

துறைமுகத் தெருவை ராஜாவின் படை மூன்றாவது தடவையாகத் துப்புரவு செய்து முடித்திருந்தது. துப்புரவு என்பது அரண்மனை வைத்த பெயர். தெருவை ஆட்டிப்படைத்த கொள்ளைக் கூட்டத்தில் அகப்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். அகப்படாதவர்கள் தோணி ஏறிவிட்டார்கள். அகப்படாதவர்களே அதிகம்.

தளபதி கலிவரதனுக்குப் பெருமையும் இருந்தது, உள்ளுக்குள் ஓர் உறுத்தலும் இருந்தது. உறுத்தல் வந்தால் அவன் ஆவுடையம்மையிடம் வருவான். தெருக்கோடியில் மடம் நடத்திவந்த அம்மை அவனைவிட வயதில் சிறியவள். ஆனாலும் அவளைத்தான் அவன் குருவாக ஏற்றிருந்தான்.

"இந்தத் தடவையாவது நிலைக்குமா தாயே?"

"தெருவில என்ன தேய்க்கிற சத்தம்?" என்று கேட்டாள் அம்மை.

"கதவைக் கழுவச் சொல்லியிருக்கேன்."

கூட்டத்துக்குக் கப்பம் கட்டுகிற வீட்டுக் கதவில் சுண்ணாம்பில் தோய்த்த ஒரு கை பதிந்திருக்கும். அந்த வீட்டை அவர்கள் தொடமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாக் கைகளும் அழிந்திருக்க வேண்டும், அழிக்காதவர் கூட்டத்தின் ஆள் என்று தளபதி உத்தரவு போட்டிருந்தான்.

"ஒருத்தி மட்டும் முரண்டு பிடிக்கிறா. கயிறு திரிக்கிறவ, காத்தாயின்னு பேரு. சிறைக்கு அனுப்பப்போறேன். களை எடுத்தா முழுசா எடுக்கணும் இல்லையா?"

"வா, பார்ப்போம்."

காத்தாயி தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரித்த கயிற்றாலேயே அவள் கைகளைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் வீரர்கள் வைத்த வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் அப்படியே இருந்தன.

"ஏன் அழிக்கமாட்டேங்கிறே?" என்றான் தளபதி.

"போன தடவை எம்புருசன் அழிச்சாருங்க. தெருவுலயே மொத ஆளா அழிச்சாரு. ஐயாதான் எல்லாரு முன்னாலயும் அவருக்கு மாலை போட்டீங்க."

அவனுக்கு நினைவு வந்தது. "சன்னாசிதானே? நல்ல மனுசன். எங்கே அவன்?"

"நீங்க கூடாரத்தைப் பிரிச்சீங்க, தோணி திரும்பி வந்துச்சு. அவங்க யாரையும் ஒண்ணும் விசாரிக்கலைங்க. எந்தக் கதவு சுத்தமா இருந்துச்சோ அந்த வீட்டுக்குள்ள ஏறினாங்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்க மாலை போட்ட கழுத்தைத்தான் அறுத்தாங்க."

கலிவரதன் கொடியவன் இல்லை. கொடியவனாக இருந்தால் அவளைப் பேசவே விட்டிருக்கமாட்டான். உத்தரவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். எனக்கு அவன்மேல் பரிதாபம்தான். ஆனால் சன்னாசிமேல் அதைவிட அதிகம்.

"கட்டை அவிழ்த்துவிடுங்க" என்று வீரர்களிடம் சொன்னான். பிறகு அவளிடம், "இந்தத் தடவை அப்படி ஆகாதும்மா. நான் வாக்குக் கொடுக்கிறேன்" என்றான்.

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"ராஜா கூப்பிடுற வரைக்கும்."

"எப்பக் கூப்பிடுவாரு?"

ராஜா கூப்பிட்டாகிவிட்டது. விடிந்ததும் படை வடக்கு எல்லைக்குப் புறப்பட வேண்டும். தெருமுனையில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அம்மை குனிந்து நாரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ அழி."

"நானா?"

"உன் உத்தரவுதானே? அழிச்சிட்டு இந்தப் படியில உட்காரு. தோணியில வர்றவன் இந்தக் கதவுக்குத்தான் வருவான். நீயே அவனுக்குப் பதில் சொல்லு."

கலிவரதன் நாரைத் தண்ணீரில் நனைத்தான். கதவுவரை போன கை அங்கேயே நின்றது.

"எத்தனை நாள் உட்காரணும் தாயே?"

அம்மை கதவை மெல்லத் தள்ளித் திறந்தாள். உள்ளே சேலைத் தூளியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இவ வளர்ந்து, கிழவியாகி, தன் சாவாச் சாகுற வரைக்கும்."

கலிவரதன் நாரைத் திரும்ப வாளியில் போட்டான்.