முட்டைக்குள் முளைத்த விரல்கள்

நெடுநெடுங்காலத்துக்கு முன்னே, மலைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், செம்புலநாட்டில் செம்பாயி என்றொரு மருத்துவச்சி இருந்தாள். வயிற்றில் குறுக்கே கிடக்கும் பிள்ளையைக்கூட விரலாலே திருப்பிவிடுவாள்.

ஒருநாள் அவள் மூலிகை பறிக்கக் காட்டுக்குப் போனாள். கொடுங்கண்ணன் என்ற மாயாவி வழிமறித்தான்.

“அந்தப் புற்றுக்குள்ளே உடும்பு முட்டைகள் இருக்கின்றன. பிள்ளை எடுக்கும் கை மனசாரத் தந்தால்தான் என் சாகா மருந்து பலிக்கும். ஒன்றை எடுத்துக் கொடு!”

“அதுவும் பிள்ளைதானே? தரமாட்டேன்.”

“கொடுக்காத கைக்கு விரல் எதற்கு?” என்று மந்திரக்கோலை வீசினான். விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு, இரண்டு கையும் துடுப்பாகிவிட்டன. “முட்டையைத் தந்தால் விரலைத் தருவேன்” என்று சிரித்தான்.

செம்பாயி அழுதாள். அப்போது தாய் உடும்பு வெளியே வந்தது. “அம்மா, யாருக்காக விரலை இழந்தாய் என்று பார்” என்று ஒரு முட்டைமேல் மூச்சு விட்டது. ஓடு கண்ணாடியானது. உள்ளே வெள்ளரி விதை போல ஓர் உடம்பு. அதன் பக்கவாட்டில் கடுகுபோல நாலு மொட்டு.

“தருகிறாயா?” என்று வந்தான் மாயாவி.

“தரமாட்டேன்.”

சில நாள் கழித்துப் பார்த்தாள். மொட்டு நீண்டு, நுனி தட்டையாகியிருந்தது.

“ஐயோ, என் கை மாதிரியே!”

“அழாதே. துடுப்புக்குள்ளேதான் விரல் உருவாகிறது” என்றது உடும்பு.

“உன் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்குகிறதே, தருகிறாயா?” என்றான் மாயாவி.

“தரமாட்டேன்.”

மறுபடி பார்த்தபோது, விரல்களுக்கு நடுவே இருந்த சதை கரைந்துபோயிருந்தது. கைக்கு ஐந்து, காலுக்கு ஐந்து. நுனியில் குட்டி நகம்!

அந்நேரம் தங்கை புருஷன் ஓடிவந்தான். “அக்கா! வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது!”

“இப்போதாவது தருகிறாயா?” என்றான் மாயாவி.

செம்பாயி முட்டையைப் பார்த்தாள். “ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையையா விலை கொடுப்பேன்? தரமாட்டேன்!”

படக்கென்று ஓடுகள் வெடித்தன. குட்டிகள் அவள் கைமேல் ஏறி ஓடின. அந்தச் சின்னப் பாதம் பட்ட இடமெல்லாம் ஒட்டிய சதை கரைந்தது. பத்து விரலும் பிரிந்தன! மந்திரம் முறிந்து மாயாவியின் கோல் சாம்பலாக உதிர, அவன் திரும்பிப் பாராமல் ஓடினான்.

அன்று அந்த விரல்கள் பிள்ளையைத் திருப்ப, தங்கைக்குச் சுகப்பிரசவம். மறுநாள் செம்பாயி புற்றுக்கு வந்து இரு கை கூப்பினாள்.

“நன்றி தாயே.”

“நான் சொல்லவேண்டிய நன்றியை நீ சொல்லிவிட்டாயே” என்றது உடும்பு.

அந்தக் கை எடுத்த பிள்ளைகளெல்லாம் நன்றாக வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.