ஆலைச் சிட்டம்

கோத்தகிரியில் ஒரு வீட்டில் ஒரு தக்ளி இருந்தது. வீட்டுக்காரி திலகவதி மாலையானால் ஆட்டு ரோமத்தைப் பிரித்து, தக்ளியைச் சுழலவிட்டு நூற்பாள். எல்லாம் பொழுதுபோக்குக்குத்தான். நூல் ஓரிடத்தில் புழுவாகத் தடிக்கும், அடுத்த சாணில் அறுந்துவிடும். அவளும் சளைக்காமல் முடிச்சுப் போடுவாள்.

அவள் அந்தத் தக்ளியை வாங்கிய கண்காட்சியிலேயே அவளுடைய நாத்தனார் பூரணியும் ஒன்று வாங்கியிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன் அண்ணி, நீங்க நூத்ததைப் பார்க்கணும்" என்று போனில் சொன்னாள்.

வந்தது வினை. திலகவதி கடைக்குப் போய் ஆலை நூல் உருண்டை ஒன்று வாங்கினாள். காகிதப் பட்டையைக் கிழித்தெறிந்தாள். கையால் நூற்றவர்கள் கட்டுவது போலவே நூலைச் சிட்டமாகச் சுற்றி முறுக்கி, தக்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் நூற்ற நூல் அலமாரிக்குள் போனது.

"யார் நீ?" என்றது தக்ளி.

"ஆலையில் பிறந்தவன். இன்றைக்கு மட்டும் உன் பிள்ளை" என்றது சிட்டம். "பேசாமல் இரு. நல்ல பெயர் உனக்கும்தானே?"

தக்ளிக்கும் ஆசை விடவில்லை. வாயை மூடிக்கொண்டது.

பூரணி வந்தாள். சிட்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "என்னா சீரா இருக்கு! நெசமாவே நீங்க நூத்ததா அண்ணி?"

"பின்னே?" என்றாள் திலகவதி.

பூரணி பையிலிருந்து எதையோ பாதி எடுத்தவள் மறுபடி உள்ளே தள்ளினாள். அது முடிச்சு முடிச்சான ஒரு சின்னச் சிட்டம்.

"நாலு மாசமா நூத்தது. காட்டலாம்னுதான் கொண்டாந்தேன், இதைப் பார்த்தப்புறம் வெட்கமா இருக்கு. எனக்குக் கை வராது அண்ணி. என் தக்ளியையும் நீங்களே வச்சுக்கோங்க."

ஆலைச் சிட்டத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. "சொல்லிவிடு, தாயே!" என்று திலகவதியைப் பார்த்துக் கெஞ்சியது. உண்மை திலகவதியின் தொண்டை வரைக்கும் வந்தது. முகம் சிவந்துபோனது.

"காபி ஆறுது, குடி" என்றாள்.

பூரணி போய்விட்டாள். அவள் விட்டுச் சென்ற தக்ளி, பழைய தக்ளியை மெல்ல நெருங்கியது.

"அக்கா, இவ்வளவு சீராக நூற்க எத்தனை நாள் பழகினாய்?"